பெட்டிக்குள் பேட்டரி மெஷின் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கப்பல் கடிகாரக் கட்டுரையைப் படித்தேன். குரோனோமீட்டர் என்ற துல்லியமான கப்பல் கடிகாரம் பற்றித் தமிழில் எழுத ஆள் இருப்பதே பெரிய விஷயம், எழுதியவருக்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், பழைய குரோனோமீட்டர் பெட்டி ஓடவில்லை என்றால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின் பொருத்தி வரவேற்பறையில் வைத்துக் கொள்ளலாம் என்று ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வடசேரியில் கடிகாரம் பழுது பார்ப்பவன். அப்பா காலத்திலிருந்தே இதுதான் தொழில். நம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் கப்பலுக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உடைக்கப் போன கப்பலில் இருந்தும், குஜராத்தில் கப்பல் உடைக்கும் அலங் பக்கத்துச் சாமான் கடைகளில் இருந்தும் இந்தப் பெட்டிகளை ஆசையாக வாங்கி வந்தவர்கள் உண்டு. சென்ற ஆண்டு குளச்சல் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து அப்படி ஒரு பெட்டி என் மேசைக்கு வந்தது. மூலைக்கு மூலை பித்தளை பதித்த நல்ல மரம். மூடியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் பேட்டரி மெஷின்! யாரோ ஒரு கடைக்காரர் டயலின் நடுவில் ஓட்டை போட்டுப் பொருத்தியிருக்கிறார். பழைய மெஷின் எங்கே என்று கேட்டேன். பித்தளை எடைக்குப் போய்விட்டதாம்.

அந்தப் பித்தளை என்ன வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கன்னியாகுமரியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 8 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே போகப் போக உயரும். கிழக்கு மேற்குக்கு அப்படி ஓர் அடையாளம் வானத்தில் கிடையாது. அதற்கு நேரம் வேண்டும். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கன்னியாகுமரி கிழக்குத் தீர்க்கரேகையில் 77 பாகை 33 கலையில் (60 கலை ஒரு பாகை) இருப்பதால் நம் சூரிய நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 10 நிமிடம் முந்தியது. ஆக, கிரீன்விச் நேரத்தைக் கெடாமல் சுமந்து வரும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால், உச்சிவேளையைப் பார்த்து இடத்தைக் கணக்கிட்டு விடலாம். கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் நம் கடற்பகுதியில் கப்பலின் இடம் ஏறக்குறைய 15 கடல் மைல் பிசகிப் போகும்.

1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், கடலில் கிழக்கு மேற்கு இடத்தைக் கணக்கிடும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. தச்சராக இருந்து கடிகாரக்காரரான ஜான் ஹாரிசன் தன் ஆயுளையே இதற்குக் கொடுத்தார். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வீழ்த்தியபோது, ஹாரிசன் தன் மூன்றாவது கடிகாரத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். 19 ஆண்டு உழைத்தும் அது அவருக்குத் திருப்தி தரவில்லை. நான்காவதுதான் வென்றது, 1761-ல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, 81 நாள் பயணத்தில் வெறும் 5 விநாடி பின்தங்கியது.

இதுவரை கட்டுரையிலும் இருக்கிறது. அப்புறம் நடந்ததைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். எங்களைப் போன்றவர்கள் மேசையில் திறந்து பார்க்கும் பெட்டி மெஷின் ஹாரிசனுடையதைப் போல இருக்காது. பேலன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம், யாரும் தொடாமல் தன் பாட்டுக்கு ஆட வேண்டும், ஒரு கணம் மட்டும் உந்துதல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற யோசனை பிரான்சின் பியர் லெ ரோய் செய்து காட்டியது. அதை எளிதாக்கி, நிறையச் செய்யும்படி ஆக்கியவர்கள் லண்டனின் ஜான் ஆர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும். பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பை ஐகிளாஸ் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: உள்ளே எஃகு, வெளியே பித்தளை, இரண்டும் ஒன்றாக உருக்கி ஒட்டியவை. வெயிலில், பேலன்ஸை ஆட வைக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங் தளர்ந்து கடிகாரம் ஸ்லோவாகும். அதே வெயிலில் பித்தளை கூடுதலாக விரிந்து விளிம்பை உள்பக்கம் வளைக்கும். சக்கரம் வேகம் பிடிக்கும். ஒன்று கெடுப்பதை மற்றொன்று சரிசெய்கிறது. சாவி கொடுத்தால் முறுகிக் கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் இழுவையைக் கடைசி வரை ஒரே சீராக்க, கூம்பு உருளை ஒன்றில் சங்கிலி சுற்றியிருக்கும். சைக்கிள் செயினைத் தலைமுடி அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஊரில் பெண்களும் சிறுமிகளும் கண் நோகக் கோத்தவை அவை. மெருகேற்றாத கரட்டு மெஷின் வட இங்கிலாந்தின் பிரெஸ்காட்டிலிருந்து வரும், முடிப்பு வேலை லண்டனின் கிளார்க்கன்வெல்லில் நடக்கும். டயலில் இருப்பது ஒரு பெயர்தான். உள்ளே அத்தனை பேரின் கை இருக்கிறது.

சரி, ஓடவில்லை என்கிறார்களே? இந்த மெஷின் நின்றுபோனால் சாவி கொடுத்தாலும் தானாக ஓடாது. அதன் அமைப்பே அப்படி. சாவி கொடுத்தபின் கால் வட்டம் வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினால்தான் பேலன்ஸ் எழுந்து ஆடும். விநாடி முள் அரை அரை விநாடியாகத் தாவும். இது தெரியாமல் உயிருள்ள மெஷினைச் செத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்காக வீட்டில் எடுத்து முறுக்கிப் பார்க்கவும் வேண்டாம். பல ஆண்டு ஆயில் காய்ந்து கிடக்கும், சங்கிலி அறுந்தால் பெரிய சேதம். பித்தளையைப் பாலிஷ் போட்டு மினுக்கவும் வேண்டாம். ரிப்பேருக்குக் கொண்டு போகும்போது கடிகாரத்தைப் பெட்டிக்குள் தாங்கும் ஆடும் வளையத்தின் பூட்டைப் போட்டு, பெட்டியை நிமிர்த்தி மடியில் வைத்துக் கொண்டு போங்கள். பைக்கில் கட்ட வேண்டாம்.

அடுத்த இணைப்பில் அந்தக் குவார்ட்ஸ் யோசனைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஏற்கெனவே மெஷினைக் கழற்றிவிட்டவர்கள் அதை எடைக்குப் போடாமல் துணியில் சுற்றிப் பெட்டியோடு சேர்த்து வைக்கும்படியும் அதில் எழுதுங்கள். டயலில் உள்ள எண்ணும் மெஷினில் வெட்டிய எண்ணும் ஒன்றாக இருந்தால் மறுபடி பொருத்திவிடலாம்.

இப்படிக்கு,
கடிகாரம் பழுது பார்ப்பவர்,
வடசேரி, நாகர்கோவில்.