முனை ஒடிந்த மடக்குக் கத்தியை என்ன செய்யலாம்

கோத்தகிரி

அன்புள்ள நண்பா,

கடிதமும் படமும் கிடைத்தன. தாண்டிக்குடியில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, பட்டர் ஃப்ரூட் நாற்று பென்சில் கனத்துக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நல்ல சேதி. இங்கே மூடுபனி இறங்கினால் மூன்று நாளைக்கு விலகுவதில்லை. தேயிலைக்கு அது குறையில்லை, இரும்புக்குத்தான் ஆகாது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் முனை ஒடிந்த உன் மடக்குக் கத்தி. என்ன செய்யலாம் என்று கேட்டாயே, அந்த நாற்றில் ஒட்டுக்கட்டும் கத்தியாக மாற்றிவிடலாம்.

தூக்கிப் போட்டுவிடாதே. படத்தில் பார்த்தால் முனையில் 2 செ.மீ. போயிருக்கிறது, மிச்சம் 5 செ.மீ.க்குக் குறையாது. ஒட்டுக்கட்ட அது தாராளம். அந்த வேலைக்கு நீளமோ கூர்முனையோ தேவையில்லை. நல்ல எஃகும் ஒருபக்கச் சரிவும் இருந்தால் போதும். எஃகு ஏற்கெனவே உன் கையில் இருக்கிறது. சரிவை மட்டும் மாற்ற வேண்டும்.

தொடங்குமுன் அலகில் வேறு விரிசல் இருக்கிறதா என்று பார். கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறல்தான் ஆபத்து. அலகை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கால் மணி நேரம் ஊறவைத்து, எடுத்துக் காய்ந்த துணியால் அழுத்தித் துடை. சாக்பீஸை இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் வை. கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளையில் முடி விழுந்தது போல ஓர் ஈரக்கோடு தெரியும். ஒடிந்த இடத்தை ஒட்டி இருந்தால் கவலையில்லை, தேய்க்கும்போது அதோடு போய்விடும். அலகைப் பிடியோடு இணைக்கும் ஆணித்துளையைச் சுற்றி இருந்தால் அந்த அலகு எந்த வேலைக்கும் ஆகாது. அரத்தாலும் ஒரு தடவை சோதித்துப் பார். கூரின் மேல் அரம் வழுக்கினால் எஃகு நன்றாகக் கடினமேறியது. கவ்விப் பிடித்தால் மட்டமான சரக்கு, அதற்கு மெனக்கெட வேண்டாம்.

இனி இது மடங்க வேண்டியதில்லை, அலகைப் புதுப் பிடியில் நிலையாகப் பொருத்தப் போகிறோம். பழைய பிடியிலிருந்து கழற்றும்போது கத்தி மூடியே இருக்கட்டும். மேலே நாலைந்து சுற்று டேப் ஒட்டிக்கொள். ஆணியின் தலையை அரத்தால் மட்டமாக ராவிவிட்டு, முனை மழுங்கிய ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் வெளியே வந்துவிடும். பின்பக்க வில் இறுக்கத்தில்தான் இருக்கும், ஆணி வந்த நொடியில் அலகு துள்ளும். டேப் சுற்றுவது அதற்காகத்தான். உள்ளே பிடிக்கு இருபுறமும் பித்தளைத் தகடு இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்து வை.

அடுத்தது முனையைச் சரிசெய்வது. பலரும் கூர்ப்பக்கத்திலிருந்து மேலே வளைத்து ராவி முனை எடுப்பார்கள். அப்படிச் செய்யாதே. கூர் ஓரம்தான் அலகிலேயே மெல்லியது, அதை ஏன் இழக்க வேண்டும்? மேலே தேய்த்தால் தடித்த இடத்தில் முனை வந்து நிற்கும், எவ்வளவு தீட்டினாலும் வெட்டாது. முதுகிலிருந்து கீழ்நோக்கிச் சரித்து இறக்கு. கூர் ஓரம் நேர்கோடாக அப்படியே இருக்க, முதுகு மட்டும் வளைந்து வந்து அதைத் தொட வேண்டும்.

இந்த வேலையில் கத்தி கெடுவது சூட்டினால்தான். கிரைண்டரில் பிடித்தால் ஒரு தடவைக்கு இரண்டு நொடிக்கு மேல் வைக்காதே. பக்கத்தில் வாளித் தண்ணீர், தொட்டுத் தொட்டு எடு. கையுறை வேண்டாம், வெறும் விரலால் பிடி. விரல் தாங்காத சூடு வந்தால் எஃகுக்கும் நிறுத்தும் நேரம். சாதாரண கார்பன் எஃகில் 220 டிகிரிக்கு இளமஞ்சள் படரும், 300-ஐ நெருங்கும்போது நீலம் வரும். கூரில் நீலம் ஏறினால் அந்த இடத்தில் பதம் இறங்கி எஃகு மென்மையாகிவிட்டது, நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் மெதுவாகத் தேய்த்து அகற்றினால்தான் கூர் நிற்கும். உன் கத்தி ஸ்டெயின்லெஸ் என்றால் நிறத்தை நம்பாதே. அதில் நிறம் தாமதமாக, இன்னும் அதிகச் சூட்டில்தான் வரும். அவசரமில்லை என்றால் கிரைண்டரை விட்டு, 120 நம்பர் வாட்டர் பேப்பரைக் கண்ணாடி மேல் ஒட்டித் தண்ணீர் விட்டுத் தேய். ஒரு சாயங்காலம் பிடிக்கும், ஆனால் கெட்டுப்போக வழியே இல்லை.

இனி சரிவு. மடக்குக் கத்திக்கு இரண்டு பக்கமும் சரிவு உண்டு. அதனால் குச்சியைச் சீவும்போது கத்தி உள்ளே ஆழ்ந்தும் வெளியே விலகியும் ஓடி, வெட்டுமுகம் குழியாகிவிடும். நாற்றின் பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலமும் அதில் பொருத்தும் ஒட்டுக்குச்சியின் படலமும் தொடாமல் நடுவே காற்று நின்றுவிடும். ஒட்டு காய்வதற்குப் பல தடவை இதுதான் காரணம், குறை சொல்வதோ மழையை. ஒரு பக்கம் முழு மட்டமாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் இருந்தால் மட்டப்பக்கம் குச்சியின் மேல் படிந்து வழிகாட்டும்.

எந்தப் பக்கத்தை மட்டமாக விடுவது என்று முன்பே முடிவு செய். கையில் குச்சியைப் பிடித்து வழக்கம்போலச் சீவிப் பார். உனக்கு வேண்டிய துண்டின் மேல் படிகிற முகம்தான் மட்டம். வலக்கையும் இடக்கையும் இதில் எதிரெதிர்.

மட்டப்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிவைப் போக்கப் பார்க்காதே. எதிர்ப்பக்கத்தை மட்டுமே தேய். கூர் அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை பின்வாங்கியதும் மட்டப்பக்கத்துப் பழைய சரிவு தானாகவே மறைந்துவிடும். தெரிந்துகொள்ள அந்தச் சரிவில் மார்க்கர் மை பூசி வை. மைக்கோடு ஓரம் நெடுகப் போய்விட்டால் நிறுத்து. கோணத்துக்கு ஒரு கணக்கு: அலகு 14 மி.மீ. அகலம் என்றால், முதுகு, தேய்க்கும் பேப்பரிலிருந்து 5 மி.மீ. உயர்ந்து நிற்கட்டும். ஏறக்குறைய 20 டிகிரி வரும். 5 மி.மீ. மரச்சீவல் ஒன்றை முதுகுக்கு அடியில் அவ்வப்போது வைத்துச் சரிபார்த்துக்கொள். வாட்டர் பேப்பரில் 240, 400, 800, 1500 நம்பர் என்று போ. கடைசியில் மட்டப்பக்கத்தைக் கண்ணாடி மேல் ஒட்டிய 1500 பேப்பரில் படுக்க வைத்து நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இருபது இழுப்பு.

சோதனைக்கு உண்ணிச்செடிக் குச்சி போதும், அதற்கா பஞ்சம்? பென்சில் கனக் குச்சியை ஒரே இழுப்பில் 3 செ.மீ. சாய்வாகச் சீவி, வெட்டுமுகத்தைக் கண்ணாடித்துண்டின் மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே பிடி. நடுவே வெளிச்சக்கோடு தெரிந்தால் முகம் குழிந்திருக்கிறது. ஈரம் கண்ணாடி முழுக்க ஒட்டிப் படிந்தால் கத்தி தயார்.

பிடிக்கு உங்கள் ஊர்க் காபிக் கட்டையை விடச் சிறந்தது இல்லை. நெருக்கமான இழை, கனம், கைக்கு வழுவழுப்பு. 11 செ.மீ. நீளம், 22 மி.மீ. கனம். வெட்டியதும் இருமுனையிலும் மெழுகு தடவி நிழலில் மூன்று மாதமாவது காயவிடு. பச்சைக் கட்டை காயக்காயச் சுருங்கிக் கத்தி ஆடும். கற்பூர மரத்தை எடுக்காதே, பிளந்துவிடும். கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் மட்டும் கத்தி வாலின் (பிடிக்குள் போகும் அடிப்பகுதியின்) கனத்துக்குப் பள்ளம் தோண்டு. வாலில் புதிதாகத் துளை போட முயலாதே, சாதாரண பிட் முனை மழுங்குவதுதான் மிச்சம். பழைய ஆணித்துளை இருக்கிறதே, அதிலேயே பொருத்தமான பித்தளைக் கம்பி ஒன்று போகட்டும். வாலின் ஓரத்தில் இருபுறமும் இரண்டு சிறு வெட்டு போட்டால் பசை அதில் கவ்விக்கொள்ளும்.

அரல்டைட் இரண்டு டியூபையும் கலக்குமுன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வை. மலைக்குளிரில் அது பாகு போல இறுகி, சரியாகக் கலக்காது. ஒட்டியதும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அடுப்படிச் சூட்டில் இரண்டு நாள் தொடாமல் விடு. கழுத்தில் பூணுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைப் பத்துச் சுற்று நெருக்கிச் சுற்றினாலும் போதும்.

எடுத்து வைத்த பித்தளைத் தகடு நினைவிருக்கிறதா? அதன் ஒரு முனையை நகம் போல வளைவாக ராவி, ஓரத்தை முழுவதும் உருட்டி மழுக்கிப் பிடியின் பின்முனையில் 2 செ.மீ. நீட்டிக்கொண்டு செருகிவிடு. கமலா ஆரஞ்சுக்கு மொட்டுக் கட்டும்போது, அதாவது பட்டைக்கு அடியில் மொட்டைச் செருகி ஒட்டும்போது, பட்டையைத் தூக்க அதுதான் சரியான கருவி. கத்திமுனையால் தூக்கினால் அடியில் இருக்கும் படலம் கிழியும், பித்தளை கிழிக்காது.

பராமரிப்புக்கு வருகிறேன். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடை. லைட்டர் நெருப்பில் காட்டாதே, மெல்லிய கூரின் பதம் நொடியில் இறங்கிவிடும். பிளீச்சிங் கரைசலும் வேண்டாம், எஃகைப் பொத்துவிடும். எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் நம் குளிரில் உறைந்து கட்டியாக நிற்கும், அடியில் ஈரம் தங்கிவிடும். கார்பன் எஃகு என்றால் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, ஆறிய கெட்டி டீ டிக்காஷனில் ஓர் இரவு போட்டு வை. டீயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படியும். துரு ஏறும் வேகம் கொஞ்சம் குறையும். பிறகு கூரை மட்டும் தோலில் இழுத்துக்கொள்.

தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்குச்சியில் கை வைக்குமுன் உண்ணிச்செடியில் பத்துப் பதினைந்து வெட்டிப் பழகிவிடு. வெட்டுமுகத்தைக் கண்ணாடியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்த்து, எந்தப் பக்கம் இன்னும் தேய்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்