போச்சியா பயிற்சிக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

மூளை முடக்குவாதத்தாலோ தசைச்சிதைவு நோயாலோ கைகால் இயக்கம் பெரிதும் குறைந்த பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் மதுரையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் போச்சியா என்னும் பந்தாட்டத்தில் பயிற்சி நடத்திவருகிறேன். இதைப் பற்றி யார் பேசினாலும் என் பெயரை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது உண்மைக்குப் பொருந்தாத பாராட்டு என்பதால், இந்த ஆட்டம் எங்கள் ஊரில் வேர்பிடிக்க உழைத்தவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்ல இம்மடலை எழுதுகிறேன். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

2016இல் ரியோ பாராலிம்பிக்கில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் இறகுப்பந்தாட்டத்தில் வெள்ளி வென்றார். அந்தச் செய்திகளைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, "அவங்களுக்கு ஓடவாவது முடியுதே, என் பையனால ஒரு டம்ளரைப் பிடிக்க முடியலையே" என்றார் ஒரு தாய். அந்தப் பையனுக்கும் பாராலிம்பிக்கில் ஓர் ஆட்டம் இருக்கிறது என்பது அவருக்கும், அவரைப் போன்ற பெரும்பாலான பெற்றோருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெற்றிருக்கும் போச்சியாவுக்கு ஒலிம்பிக்கில் இணையான ஆட்டம் கிடையாது. 12.5 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள மட்டமான தரையில் வெள்ளைப் பந்தொன்றை முதலில் போட்டுவிட்டு, ஒரு பக்கத்தார் ஆறு சிவப்புப் பந்துகளையும் மறுபக்கத்தார் ஆறு நீலப் பந்துகளையும் அதற்கு எவ்வளவு நெருக்கமாகச் சேர்க்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாகச் சேர்க்க வேண்டும். எந்தப் பக்கத்தின் பந்து தள்ளி நிற்கிறதோ அந்தப் பக்கமே அடுத்து ஆட வேண்டும் என்பதால் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

முதல் நன்றி தரைக்கு, அதாவது அதைத் தந்த தலைமையாசிரியைக்கு. விளையாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரியபடி பங்கேற்க நடவடிக்கை எடுப்பது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 30ஆவது பிரிவில் சொல்கிறது; ஆனால் சட்டப் பிரிவைக் காட்டி ஒரு மண்டபத்தின் சாவியை வாங்கிவிட முடியாது. சக்கர நாற்காலி பட்டால் டைல்ஸ் கீறிவிடும் என்று ஓரிடத்தில் மறுத்துவிட்டார்கள். இந்த அம்மையாரோ தம் பள்ளி அரங்கைத் திறந்துவிட்டதோடு, கழிப்பறை வாசற்படியை இடித்துச் சாய்தளம் போட்டுத் தந்த பிறகே எங்களை வரச் சொன்னார். கழிப்பறை இல்லாத இடத்துக்கு வளர்ந்த பெண்பிள்ளைகள் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

பந்துகளைத் தந்ததற்காக, காலணி தைக்கும் பெரியவர் ஒருவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். தொடக்கத்தில் காலுறைக்குள் பாசிப்பயற்றை நிரப்பி ஆடினோம். போட்டிப் பந்து ஏறத்தாழ 275 கிராம் எடையும் 270 மில்லிமீட்டர் சுற்றளவும் கொண்டது என்று சொன்னபோது, "அப்போ அளந்துதான் தைக்கணும்" என்றவர், திண்டுக்கல்லில் இருந்து தோல் துண்டுகளை வரவழைத்து, பிளாஸ்டிக் குருணை நிரப்பித் தைத்து, ஒவ்வொன்றையும் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துத் தந்தார். எடை தப்பியவற்றைப் பிரித்து மறுபடியும் தைத்தார். பந்து வீசவோ உதைக்கவோ இயலாதவர்கள் ஆடும் பிசி3 பிரிவுக்கு, நான்கங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்து, பந்தை உருட்டிவிடும் சரிவான ரேம்ப் செய்து கொடுத்த தச்சரும் இதே குணத்தவர்தான். பக்கவாட்டில் கிடத்தினால் ரேம்ப் 2.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்ற விதியை அவர் சுண்ணாம்புக்கட்டியால் பட்டறைத் தரையில் வரைந்து வைத்துக்கொண்டே வேலை செய்தார். பிள்ளைகளுக்குத்தானே, கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன என்று இவர்கள் இருவரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

யார் எந்தப் பிரிவில் ஆடலாம் என்று முறையாகப் பார்த்துச் சொன்ன இயன்முறை மருத்துவருக்கும் என் நன்றி. கையால் வீச வராத சிறுமி ஒருத்தி காலால் உதைத்து ஆடலாம், விதியில் அதற்கு இடம் உண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். மடக்க முடியாத சக்கர நாற்காலிகளையும் ஏற்றிவரும்படி தம் வண்டியின் பின்னிருக்கையைக் கழற்றிவிட்ட ஷேர் ஆட்டோ அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீசல் காசுக்கு மேல் அவர் வாங்குவதில்லை.

அம்மாக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பிசி3 ஆட்டத்தில் ரேம்ப்பை நகர்த்த ஓர் உதவியாளர் உண்டு. அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆட்டக்காரர் சொல்லாமல் ரேம்ப்பைத் தொடக் கூடாது. யோசனை சொல்லவும் கூடாது. எங்களிடம் அந்த இடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். பிள்ளை வாய்திறப்பதற்கு முன்பே அதன் பசியையும் வலியையும் அறிந்து பதினைந்து ஆண்டுகளாக ஓடி ஓடிச் செய்தவர்களிடம், இனி அவன் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. ஒரு தாய் பலமுறை திரும்பிப் பார்த்துவிட, அவர் மகன் பேசுவதற்கே சிரமப்படுகிறவன், "திரும்பாதம்மா" என்று அதட்டினான். இன்று அவன் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். தலையில் கட்டிய கோலின் நுனியால் பந்தை அவனே விடுவித்த பிறகும் அது எங்கே போய் நின்றது என்று அவருக்குத் தெரியாது. அந்த ஒழுங்குக்குத் தங்களை உட்படுத்திக்கொண்ட அம்மாக்களுக்கு என் தலைதாழ்ந்த வணக்கம்.

நடுவர்களாக வரும் உடற்கல்வியியல் கல்லூரி மாணவர்களை நான் குறிப்பாக மெச்சுவது அவர்களுடைய கண்டிப்புக்காக. வீசும் கட்டத்தின் கோட்டைச் சக்கரம் தொட்டாலும் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருமுறை விருந்தினராக வந்த பெரிய மனிதர் ஒருவர், கலந்துகொண்ட எல்லோருக்கும் தங்கப் பதக்கம் அணிவிக்க ஆசைப்பட்டபோது, "சார், ரெண்டாவது வந்தவங்க கோவிச்சுக்குவாங்க" என்று பணிவாகத் தடுத்தவள் அவர்களில் ஒரு மாணவிதான். அவள் சொன்னது சரி. தோற்றவர்கள் மறு ஞாயிறு அரை மணி நேரம் முன்னதாகவே வந்து பந்தைக் கையில் எடுத்தார்கள். தங்கம் கிடைத்திருந்தால் அவர்கள் அப்படி வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இரக்கப்பட்டு வந்த உதவிகளையும் நான் மறக்கவில்லை என்றாலும், தோற்கும் உரிமையையும் சேர்த்து இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களுக்கே என் நன்றியில் பெரும்பங்கு.

பணம் கொடுத்தவர்களின் கணக்கு அரங்கின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. மிச்சத் தொகையில் கோடு போடும் டேப்பும், பந்து தைக்கும் பெரியவர் கேட்டிருக்கும் நல்ல தையல் நூலும் வாங்க இருக்கிறோம்.

நடுவர் மாணவர்களில் மூவர் படிப்பு முடிந்து இவ்வாண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்களுடைய இடத்துக்கு ஆள் வேண்டும். விதிகளை நாங்கள் கற்றுத் தருவோம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரமும், ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து "தவறு, பந்து செல்லாது" என்று சொல்லும் துணிவும் இருந்தால் போதும்.

நன்றியுடன்,
போச்சியா பயிற்சித் தன்னார்வலர்,
மதுரை.