சிறகு இருக்கிறது, பறப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘கடல் அந்து’ என்னும் மீனைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். சுண்டுவிரல் நீளத்து மீனுக்கு முழுதாக இரண்டு பக்கம் ஒதுக்க உங்களுக்கு மனம் வந்ததே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் படத்துக்குக் கீழே ‘பறக்கும் மீன்’ என்று போட்டுவிட்டீர்களே!

பழி முழுவதும் உங்கள்மீது இல்லை. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்தக் குடும்பத்து மீன் ஒன்றுக்கு வைத்த பெயரே பெகாசஸ் வோலிடான்ஸ். பெகாசஸ் கிரேக்கக் கதையில் வரும் சிறகுக் குதிரை. வோலிடான்ஸ் என்றால் பறந்து திரிவது. விசிறிபோல் விரியும் மார்புத் துடுப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நிஜத்தில் இது நடக்கிற மீன். வயிற்றுத் துடுப்புகள் விரல்போல் மெலிந்திருக்கும். அவற்றை ஊன்றி ஊன்றி மணலில் நகரும். உடம்போ எலும்புத் தகடுகள் ஒட்டிப்போய் உண்டான பெட்டி. மற்ற மீன்களைப்போல் உடலை வளைத்து விரைய அதற்கு வழியில்லை. வளையம் வளையமாக இருக்கும் வால் மட்டுமே அசைந்து கொடுக்கும். வாய் நீண்ட மூக்குக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதைக் குழல்போல் வெளியே நீட்டி மணலில் கிடக்கும் சிறு புழுக்களை உறிஞ்சிக்கொள்ளும்.

முக்குளிக்கப் போனபோது ஒரே ஒருமுறை இதை நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதுகூடத் தப்பு. உடைந்த சிப்பித் துண்டு என்று நினைத்துக் கையை நீட்டினேன், அது இரண்டடி எடுத்து வைத்தது. துணைக்கு இன்னொரு ‘சிப்பித் துண்டு’ பக்கத்திலேயே இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். இவை ஆணும் பெண்ணுமாக இணைபிரியாமல் திரிபவை.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது, இந்த மீன் சட்டை உரிப்பதை. பாம்பைப்போல, மேல்தோல் முழுவதையும் ஒரே உறையாகக் கழற்றிவிடுகிறது. இறால் ஓடு கழற்றுவது வளர்வதற்காக. இங்கே எலும்புக் கவசம் அப்படியே இருக்கும், மேலே போர்த்திய தோல்தான் போகும். சில நாள்களுக்கு ஒருமுறைகூட இப்படி உரிப்பதுண்டாம். தரையோடு தரையாக மெல்ல நகரும் உடம்பில் பாசியும் ஒட்டுண்ணியும் எளிதாகக் குடியேறிவிடும். அவற்றைத் தேய்த்துக் கழுவ வழியில்லாத மீன் சட்டையையே எறிந்துவிடுகிறது என்கிறார்கள். எனக்கு அந்தச் சிறகைவிட இதுதான் பெரிய அதிசயம்.

இன்னொரு திருத்தம். இதுவும் கடல் குதிரையும் தூரத்து உறவு என்றது சரிதான். அதற்காக இதிலும் ஆண்தான் முட்டை சுமக்கிறது என்று எழுதியது சரியல்ல. கடல் குதிரையின் ஆணுக்கு இருப்பதுபோல் முட்டை சுமக்கும் பை இதன் ஆணுக்குக் கிடையவே கிடையாது. அந்தி சாயும் நேரத்தில் இணை இரண்டும் தரையை விட்டுச் சற்று மேலெழும்பி முட்டைகளை நீரில் விட்டுவிடும். அவை நீரோட்டத்தோடு மிதந்து போகும். பறத்தல் என்று ஒன்று இதன் வாழ்வில் உண்டென்றால், அந்தச் சிறு எழும்பல்தான்.

கடைசியாக, படத்தைப் பற்றி. சிறகை விரித்தபடி விறைத்துக் கிடக்கும் அந்த மீன் காய்ந்த மீன் என்றே எனக்குத் தோன்றுகிறது. இழுவலையில் மற்ற மீன்களோடு அகப்படுபவற்றைச் சீன மருந்துச் சந்தைக்காக இப்படித்தான் உலர்த்துகிறார்கள். இந்த வணிகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை மணலில் நிற்கும் உயிருள்ள மீனின் படத்தைப் போடுங்கள். மீன் எங்கே என்று வாசகர்கள் கொஞ்சம் தேடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்