கடை வாசலில் நீட்டிய கடவுச்சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநிலங்களில் கஞ்சா சட்டபூர்வமானது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1996-இல் கலிபோர்னியா மருத்துவப் பயன்பாட்டுக்கும், 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கும் வாக்கெடுப்பின் வழியே இசைவளித்த வரலாறு அதில் சரியாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால், அதை நம்பி இங்கே வந்திறங்கும் நம் பிள்ளைகளுக்கு, கட்டுரை சொல்லாமல் விட்ட பாதிதான் பெரிய தலைவலியாக முடியும்.

நான் வசிக்கும் நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரல் முதல் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கான கஞ்சாக் கடைகள் நடக்கின்றன. 21 வயது நிரம்பியவர் ஒரு முறைக்கு ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் வாங்கலாம். 6 அவுன்ஸ் வரை கையில் வைத்திருக்கலாம். டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பென்சில்வேனியா; அங்கே 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் கஞ்சாவுக்கான அட்டை உள்ளவர்களை மட்டுமே அனுமதிக்கிறது. இவை எல்லாம் மாநிலச் சட்டங்கள். 1970-இல் இயற்றப்பட்ட ஒன்றியச் சட்டத்தின்படி கஞ்சா இன்றும் கட்டுப்படுத்தப்பட்ட பொருளே. அதை மிகக் கடுமையான முதல் பட்டியலிலிருந்து சற்றுத் தளர்ந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்ற 2024-இல் நீதித்துறை முன்மொழிந்தது என்றாலும், எந்தப் பட்டியலில் இருந்தாலும் அது கட்டுப்பாட்டுக்குள்தான் இருக்கும். விசா, கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை, குடியுரிமை மூன்றும் ஒன்றியச் சட்டத்தின் கையில் இருக்கின்றன.

எச்-1பி என்ற வேலை விசாவில் வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த என் அண்ணன் மகனை அவனுடைய நண்பர்கள் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார்கள். வாசலில் வயதுச் சான்று கேட்டபோது, உள்ளூர் ஓட்டுநர் உரிமம் இன்னும் கிடைக்காததால், அவன் எடுத்து நீட்டியது இந்தியக் கடவுச்சீட்டை! ஒன்றில் 10 மில்லிகிராம் போதைப்பொருள் அடங்கிய, சர்க்கரை தூவிய மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து அதை அவன் பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. கிரீன் கார்டு விண்ணப்பத்தில், எந்த மாநிலத்தின், நாட்டின் போதைப்பொருள் சட்டத்தையாவது எப்போதாவது மீறியதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. மாநிலம் அனுமதித்தாலும் ஒன்றியச் சட்டப்படி அது மீறலே என்பதால், அதற்கு உண்மையைச் சொன்னால், வழக்கோ தண்டனையோ இல்லாமலேயே விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். பொய் சொன்னால் அது தனிக் குற்றம். குடியேற்றச் சட்டம் ஓரளவு இரக்கம் காட்டுவது, சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரே ஒரு முறை 30 கிராமுக்கு மிகாமல் வைத்திருந்தவரிடம் மட்டுமே. நியூ ஜெர்சி அனுமதிக்கும் 6 அவுன்ஸோ சுமார் 170 கிராம்.

இதைவிடக் கவனிக்காமல் விடப்படுவது வேலை. மாநில உரிமம் பெற்ற கஞ்சா நிறுவனத்தில் பணியாற்றுவதுகூடக் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதியைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. அத்தகைய நிறுவனங்களில் கணக்கு எழுதவும் மென்பொருள் பார்க்கவும் நம்மவர்களுக்கு அழைப்பு வரும்போது, சம்பளத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடக் கூடாது.

நாள்பட்ட வலியாலும் புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டலாலும் அவதிப்படுவோருக்கு மாநிலங்கள் வழி திறந்துவிட்டதை நான் குறை கூறவில்லை. அந்த நோயாளியே கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவராக இருந்தால், மருத்துவரின் சான்றோடு அட்டை வாங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரையும் கேட்க வேண்டியிருக்கிறது என்பதே என் ஆதங்கம். அடுத்த இதழில் இதற்கெனச் சிறு பெட்டிச் செய்தி ஒன்றையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நியூ ஜெர்சி