ஓரெழுத்து மா

ஆசிரியருக்கு வணக்கம்.

நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்துச் சொற்களில் ‘மா’ எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் அது மாமரம், விலங்கு, குதிரை, பெரிய. அப்புறம் இருபதில் ஒரு பங்குக்கும் அதுதான் பெயர். மாங்காய், மலையாளத்து மாங்ஙா இவைதான் போர்ச்சுக்கீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனது.

சீன மொழியில் குரலை ஏற்றி இறக்கினால் அதுவே அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று நான்காகப் பிரியும். அங்கேயும் குதிரை! உடனே தமிழுக்கும் சீனத்துக்கும் உறவு என்று சிலர் கொண்டாடிவிடுகிறார்கள். ஆனால் பழஞ்சீனத்தில் குதிரையைக் குறித்த அந்தச் சொல்லில் ‘ர’ ஒலியும் இருந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது. இத்தாலியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’; லத்தீன் ‘மாகிஸ்’ தேய்ந்து வந்தது அது.

வாரம் ஒரு சொல்லின் கதைக்கு உங்கள் நாளிதழில் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.