பழைய காமிக்ஸுக்கு நூலகத்தில் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கியது. 1984-ல் லயன், ராணி காமிக்ஸ் இரண்டும் வந்தபோது நான் பள்ளி மாணவன். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியுமே, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும் புது இதழை வாங்கக் கையில் காசு இருக்காது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்ததைக் கிளறித்தான் சேர்த்தேன். பாதிக்கு அட்டை இருக்காது, மீதிக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. வில்லன் என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாத கதைகள் உண்டு.

இப்போது அதே இதழ்களுக்குச் சொல்லும் விலை, அடேயப்பா! ஆனால் தாள் பழுப்பேறிப் பொடிகிறது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றுவிடுகிறது. வீட்டு பீரோவில் இவை எத்தனை காலம் தாங்கும்? மாவட்ட மைய நூலகங்கள் இவற்றை நன்கொடையாகப் பெற்றுத் தனி அலமாரியில் பாதுகாக்கலாம். என் சேகரிப்பைத் தர நான் தயார், மாயாவி இதழ்கள் நீங்கலாக.

ஒரு வாசகர்,
விருதுநகர்