அல்தியா மெக்னிஷின் துணியை வெட்டிச் சட்டம் போடாதீர்கள்

மெக்னிஷின் துணிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கரீபிய வெயிலை லண்டனுக்குக் கொண்டுவந்தவர் என்று ஒரே வரியில் அவருடைய காட்சிக் குறிப்பை முடித்துவிடும் வழக்கத்தை இனியாவது விடுங்கள். 1924-இல் டிரினிடாடில் பிறந்த மெக்னிஷ், 1957-இல் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படிப்பை முடித்த கையோடு லண்டனின் புகழ்பெற்ற துணிக்கடையான லிபர்ட்டி நிறுவனத்துக்கு வடிவமைக்கத் தொடங்கினார். பிரிட்டனிலிருந்து உலகப் பெயர் பெற்ற முதல் கறுப்பினத் துணி வடிவமைப்பாளர் என்பதும் சரிதான். ஆனால் அவருடைய கெட்டிக்காரத்தனத்தில் பாதி அச்சுப் பட்டறையைச் சேர்ந்தது. முடியாது என்று கைவிரித்த அச்சுக்காரர்களுக்கு வழி சொல்லிக்கொடுத்தவர் அவர். அதைப் பற்றிக் குறிப்பில் ஒரு வார்த்தை இருக்காது.

1959-இன் ‘கோல்டன் ஹார்வெஸ்ட்’ ஹல் டிரேடர்ஸ் என்ற பிரிட்டிஷ் துணி நிறுவனத்துக்காகச் செய்த திரைச்சீலைத் துணி. இங்கிலாந்தின் எசெக்ஸில் பார்த்த கோதுமை வயல் அவருக்கு ஊர்க் கரும்புத் தோட்டத்தை நினைவூட்ட, அதிலிருந்து பிறந்தது. வெயில் கதை இங்கே பாதிதான் பொருந்துகிறது, பாருங்கள்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது வலைச் சட்டம் வழியாகச் சாயப்பசையைத் துணியில் அழுத்தும் முறையில், நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். அது நூலளவு விலகினாலும் இரு நிறங்களுக்கு நடுவே துணியின் வெள்ளை எட்டிப்பார்க்கும். அதனால் நிறங்களைக் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுவார்கள்; ஏறிய இடத்தில் இன்னொரு நிறம் தோன்றும், வடிவமைப்பாளர் அதையும் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். சாயப்பசை நீர்த்தால் ஓரம் கசியும். கெட்டியானால் வலைக்கண் அடைத்துக்கொண்டு, கோதுமைத் தாள் போன்ற மெல்லிய கோடுகள் அறுந்துபோகும்.

இதெல்லாம் பார்வையாளருக்குத் தெரிய, ஒரு முழு ரிப்பீட்டும் (திரும்பத் திரும்ப வரும் வடிவத்தின் ஒரு முழு அலகு) அது மறுபடி தொடங்கும் இடமும் கண்ணில் பட வேண்டும். ஒரு சாண் துண்டைக் கண்ணாடிக்குள் வைத்தால் அது வெறும் படம். ஓரக் கரையை மடித்து மறைக்காதீர்கள். அந்தக் காலத் துணிகளில் வடிவத்தின் பெயர், வடிவமைப்பாளர், நிறுவனம் போன்ற பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும்.

தொங்கவிட, பருத்தி நாடாவில் வெல்க்ரோவைத் தைத்து, அந்த நாடாவைத் துணியின் மேல்விளிம்பில் கையால் தையுங்கள். குண்டூசி துருப்பிடிக்கும், பசை கறையாகும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்ச அளவு) மேல் வேண்டாம்: எல்லா நிறமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை, ஒன்று முந்தினால் வடிவமே மாறிவிடும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல், அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். பிக்மென்ட் (நிறத்தூள்) அச்சு இழைக்குள் ஊறாமல் மேற்பரப்பில் ஒட்டியிருப்பது, மடிப்பில் வெடித்துவிடும்.

வீட்டில் தொங்கிய பழைய திரைச்சீலை நன்கொடையாக வந்தால் கீழ்விளிம்புத் தையலைப் பிரித்து இஸ்திரி போட்டுவிடாதீர்கள். வெளிச்சமே படாத பழைய நிறம் அந்த மடிப்புக்குள்தான் இருக்கிறது. ஒரு முனையை மட்டும் மெல்லத் திறந்து, நிற அட்டையோடு படமெடுத்து, அந்தப் படத்தைத் துணிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
துணி அச்சிலும் பராமரிப்பிலும் தொழில் செய்வோர்